முன் அனுபவம் உண்டு

"என் பேரு குழந்தைசாமிங்க. வயசு இருபத்திரெண்டு. சொந்த ஊரு அறந்தாங்கிப் பக்கம். இப்ப இங்க புதுக்கோட்டையில பஸ் ஸ்டாண்டுலதான் படுக்கை. காருக்கு டிரைவர் வேணும்னு சொன்னாங்க..."

"லைசென்ஸ் இருக்கா?" அரிசி மில் முதலாளி ரெங்கராஜ் பேப்பரை மடித்தார்.

"இருக்குங்க. ஆனா ஒண்ண மொதல்லயே சொல்லிடுறேன். அப்பறமாத் தெரிஞ்சா வெரட்டிடுவீங்க. எம்மேல ஒரு கேஸு இருந்துச்சு."

முதலாளி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "என்ன கேஸு?"

"பதினாறு வயசுல லாரி கிளீனரா இருந்தேங்க. யாரோ சாராயத்த ஊத்திக் குடுத்தாங்க. டிரைவர் டீ குடிக்கப் போன நேரத்துல, போதையில லாரிய எடுத்துட்டேன்."

"எதுல மோதுன?"

"மேடையிலங்க." தயங்கினான். "மதுவிலக்குப் பிரச்சார மேடை."

வாசலில் நின்ற கணக்குப்பிள்ளை நாகராசு சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

"யாருக்காவது அடியா?"

"இல்லீங்க, மைக் செட்டுதான். பேசிக்கிட்டிருந்தவரு அதுக்கு முந்தியே குதிச்சு ஓடிட்டாரு."

"கோர்ட்டுல என்ன சொன்ன?"

"குத்தத்த ஒத்துக்கிட்டேங்க."

"நல்ல பழக்கம்" என்றார் முதலாளி.

குழந்தைசாமிக்கு ஒன்றும் புரியவில்லை. இந்த இடத்தில்தான் எல்லாரும் வாசலைக் காட்டுவார்கள். போலீஸ் வேலைக்கு ஆள் எடுத்தபோது போய் ஓட்டத்தில் முதலாவதாக வந்தான். கேஸைச் சொன்னதும் அப்படியே வெளியே ஓடச் சொன்னார்கள். பஸ் கம்பெனிகளில் கண்டக்டர் வேலைகூடக் கிடைக்கவில்லை. அவன் கட்டிக்கொள்ள நினைத்த அழகியின் அப்பா சோலையப்பனோ, "ஒரு நல்ல இடத்துல ஸ்டியரிங்கப் பிடிச்சிட்டு வா, பொண்ணத் தாரேன். இல்லாட்டி தையில வேற மாப்பிள்ளை" என்று முடித்துவிட்டார்.

வீட்டுக்குள் யாரோ வாந்தியெடுக்கும் சத்தம்.

"பிரகதாம்பா! பையனுக்கு இன்னும் கொஞ்சம் மோர் குடு!" என்று உள்ளே பார்த்து மனைவியிடம் கத்திய முதலாளி, இவனிடம் திரும்பினார். "பித்தம். பரீட்சைக்கு ராப்பகலாப் படிக்கிறான். அதிருக்கட்டும், ஒங்கேஸு போலீசுக்கு இன்னும் ஞாபகம் இருக்குமா?"

"எங்க எது மோதுனாலும் மொதல்ல என்னயத்தாங்க தேடுவாங்க."

"பேஷ்! வேலை ஒனக்குத்தான். சம்பளம், சாப்பாடு, காக்கிச் சட்டை ரெண்டு."

குழந்தைசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. "இத்தன வருசத்துல நீங்கதாங்க என்னய மனுசனா மதிச்சீங்க. எப்பருந்து வரட்டும்? கார் எங்கிட்டு நிக்கிதுங்க? தொடச்சு வச்சிர்றேன்."

"கார் போலீஸ் ஸ்டேஷன்ல நிக்கிது. நீ நேத்துக் காலையிலயே வேலைக்குச் சேந்துட்ட. சாயங்காலம் குடிச்சிட்டு ஓட்டி, திருமயம் ரோட்டுல தபால்காரரு காலை ஒடச்சிட்ட."

ரெங்கராஜ் எழுந்து வந்து அவன் தோளில் வாஞ்சையாகக் கை வைத்தார்.

"எம்புள்ளைக்குப் பதினாறு வயசுதாம்ப்பா. இந்த வயசுல ஒரு கேஸு விழுந்தா வாழ்க்கை என்னாகும்னு ஒனக்குத் தெரியாததா? கொஞ்சம் ஸ்டேஷன் வரைக்கும் வந்து ஒத்துக்கப்பா."