கொலைகாரனுக்கு முகம் கிடையாது

நிர்மலாதேவி மறுபடியும் சிரித்துவிட்டாள்.

கொலைகாரன் துரத்த, ரப்பர் மரங்களுக்கு நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவர வேண்டியவள். பாதி தூரம் ஒழுங்காகத்தான் வந்தாள். அப்புறம் ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டு குலுங்கினாள்.

"அவன் பூட்ஸ் சத்தம்லா, பவானி! வாத்து நடக்கிற மாதிரியே இருக்கு."

காய்ந்த இலைகளின் மேல் குப்புறப் படுத்து, கேமராவைத் தரையோடு தரையாகப் பிடித்திருந்த பவானேஸ்வரிக்கு அழுகை வந்தது. காதோரம் கொசு. முழங்கையில் எறும்பு. கேமரா மாமாவுடையது. மத்தியானம் பாச்சாங்கில் ஒரு கல்யாணத்தை அவர் வீடியோ எடுக்க வேண்டும். அதற்குள் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். திங்கட்கிழமை கல்லூரி வகுப்பில் படத்தின் தொடக்கக் காட்சியைப் போட்டுக் காட்ட வேண்டும்.

திகில் படம் எப்படித் தொடங்க வேண்டும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. கொலைகாரனின் கால் தெரியலாம். கையுறை தெரியலாம். மூச்சு கேட்கலாம். முகம் மட்டும் தெரியவே கூடாது. முகத்தைக் காட்டிவிட்டால் அவன் கொலைகாரன் இல்லை, பக்கத்து வீட்டுக்காரன். விரிவுரையாளர் லிம் சொல்லித் தந்த பாடம். பவானேஸ்வரிக்கு அது வேதவாக்கு.

அந்த முகமில்லாத கொலைகாரன், அவர்கள் இருவரோடும் ஒரே வகுப்பில் படிக்கும் வசந்தன். கறுப்பு மழைக்கோட்டுக்குள் வெந்துகொண்டிருந்தான். பூட்ஸ் அவன் அண்ணனுடையது, காலுக்குப் பெரியது.

"பூட்ஸுக்குள்ள பேப்பர் திணிச்சிக்கிட்டு வாடா!" என்று கத்தினாள் பவானேஸ்வரி. "நிர்மலா, திரும்பிப் பாத்துட்டு ஓடி வா. சிரிச்சே, நானே கொன்னுடுவேன்."

வசந்தன் பொக் பொக் என்று புதருக்குப் பின்னால் போனான். நிர்மலா தன் இடத்தில் போய் நின்றாள்.

"ஆக்‌ஷன்!"

நிர்மலா திரும்பிப் பார்த்தாள்.

முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே செத்துப்போனது.

அவள் போட்ட அலறலில் மரத்துக் காக்கைகள் கூட்டமாகக் கிளம்பின. ஓட்டத்தில் ஒரு செருப்பு கழன்று விழுந்தது. எடுக்கக்கூட நிற்காமல் கேமராவைத் தாண்டிப் பறந்தாள். செருப்பை விட்டுவிட்டு ஓடும்படி யாருமே சொல்லித் தரவில்லை.

பவானேஸ்வரி மூச்சை அடக்கிக்கொண்டாள்.

பூட்ஸ் கால்கள் கேமராவுக்கு முன்னால் வந்தன. இப்போது பொக் பொக் இல்லை. கனமான, அவசரமே இல்லாத நடை. செருப்பின் பக்கத்தில் வந்து நின்றன. ஒரு கை மெல்ல இறங்கி அதை எடுத்தது. பாவி, கையுறை போட மறந்துவிட்டான். போகட்டும். புஸ் புஸ் என்று மூச்சுச் சத்தம். அவளுக்கே முதுகு சில்லிட்டது. கொஞ்சம் பேப்பர் திணித்ததற்கே இவ்வளவு நடிப்பா?

"கட்! பிரமாதம்டா, வசந்தா!"

"என்னா பிரமாதம்?" என்றான் வசந்தன்.

குரல் தூரத்துப் புதரிலிருந்து வந்தது. அவன் ஒரு பூட்ஸை மடியில் வைத்து இன்னமும் பேப்பர் திணித்துக்கொண்டிருந்தான்.

பவானேஸ்வரி மெல்லத் தலையைத் தூக்கினாள். பூட்ஸ். காக்கிக் கால்சட்டை. தொப்பை. மீசை.

"இதான் கம்ப்யூட்டர் கிளாஸா?" என்று கேட்டது மீசை.

நிர்மலாவின் அப்பா ராமையா. எண்ணெய் ஆலைக்குச் செம்பனைப் பழம் ஏற்றிப்போகும் லோரி ஓட்டுபவர். காலையில் பாயா ரும்புட்டில் இருக்கும் வீட்டிலிருந்து கம்ப்யூட்டர் வகுப்புக்கென்று கிளம்பிய மஞ்சள் பஞ்சாபி சூட், நியாலாஸ் தோட்டத்து மரங்களுக்கு நடுவே தலைவிரிகோலமாக ஓடுவதைக் கண்டு லோரியை ஓரங்கட்டிவிட்டு வந்திருக்கிறார்.

"படமும் வேணாம் கிடமும் வேணாம். நிர்மலா, லோரியில ஏறு!"

ஒரு மரத்துக்குப் பின்னாலிருந்து விசும்பல் கேட்டது.

நாயகி போனால் படமே போச்சு. பவானேஸ்வரிக்கு வேறு வழி தெரியவில்லை. தாடையில் ஒட்டியிருந்த இலையோடு எழுந்து, டேப்பைப் பின்னால் ஓட்டி, கேமராவை நீட்டினாள்.

"அங்கிள், ஒரே ஒரு தடவ பாத்துட்டுப் போங்க."

ராமையா ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். இன்னொரு தடவை போடச் சொன்னார். அதையும் பார்த்தார்.

"நடையெல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்றார். "மூஞ்சி எங்க?"

"கொலைகாரன் மூஞ்சியைக் காட்டக் கூடாது, அங்கிள்."

அவர் நிமிர்ந்தார். மரங்களைப் பார்த்தார், மகள் ஒளிந்திருந்த பக்கம் பார்த்தார், மறுபடி கேமராவைப் பார்த்தார்.

"மூஞ்சி வந்தா, மக நடிப்பா. வரலன்னா வீட்டுக்கு."

பவானேஸ்வரி கேமராவில் மினுக்கிய பேட்டரி விளக்கைப் பார்த்தாள். வேதவாக்கிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டு, அதை மடித்து வைத்தாள்.

"அப்ப நானு?" என்றான் வசந்தன்.

"நீ லோரியைப் பாத்துக்க," என்றாள்.

ராமையா எச்சில் தொட்டு மீசையை நீவிக்கொண்டார். சிரிக்கவே கூடாது என்று பவானேஸ்வரி கெஞ்சினாள். அவரோ கேமராவைக் கண்டதும் கல்யாண வீட்டில் நிற்பவர்போல முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தார். சிரித்தபடியே அசையாமல் நின்றார். பேட்டரி தீரும்வரை நின்றார்.

திங்கட்கிழமை வகுப்பில் ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டுப் படத்தைப் போட்டார்கள். நிர்மலா அலறியபோது யாரோ கொட்டாவி விட்டார்கள். பூட்ஸ் கால்கள் வந்தபோது பின்வரிசையில் மிட்டாய்த்தாள் சரசரத்தது. பவானேஸ்வரி நகத்தைக் கடித்தாள்.

முகம் வந்தது.

முன்வரிசைப் பெண்கள் இரண்டு பேர் நிஜமாகவே கத்திவிட்டார்கள். மிட்டாய்க்காரன் மிட்டாயை விழுங்கிவிட்டான். அந்தச் சிரிப்பு முடியவே இல்லை.

விரிவுரையாளர் லிம் எழுந்து போய் விளக்கைப் போட்டார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். இப்படி ஒரு ஆளை எங்கே தேடிப் பிடித்தீர்கள் என்று கேட்டார்.

"எங்க வீட்டுலதான் இருக்காரு, சார்," என்றாள் நிர்மலா.