மஞ்சள் கேபிள்

பூசானில் ஒரு தொழிற்பயிற்சி வகுப்பறை. மாலை வெயில் சன்னல் வழியாகச் சாய்ந்து மேசைமேலிருக்கும் ரவுட்டர்கள் மீது விழ, அவற்றின் பச்சை விளக்குகள் வெளிறித் துடிக்கின்றன. மற்றவர்கள் காபி குடிக்கப் போய்விட்டார்கள். நாற்பத்தெட்டு வயது மிரான் மட்டும் உட்கார்ந்து மஞ்சள் கேபிளைப் பிடுங்குகிறாள். திரையில், இணைப்பு இருப்பதைக் காட்டி மறுமுனை ரவுட்டரிலிருந்து வந்துகொண்டிருக்கும் பதில்கள் ஒரு நொடி திக்கிவிட்டு மறுபடி ஓடுகின்றன. செருகிவிட்டு மீண்டும் பிடுங்குகிறாள். அப்போதும் ஓடுகின்றன. போன வருஷம் அவள் தரை துடைத்துக்கொண்டிருந்த சர்வர் அறையில் இணையம் ஆறு மணி நேரம் செத்துக் கிடந்தது. மாப் கட்டையால் கேபிளை இழுத்துவிட்டாள் என்று எழுதிவைத்து, மேலாளர் தோக்கோ அவளை வேலையைவிட்டே துரத்தினான்.

“என்னக்கா, கேபிளோட சண்டையா?” காகிதக் கோப்பையுடன் வரும் ஆசிரியர் பியோ சிரிக்கிறார்.

“ஒரு கேபிள் போனா எல்லாம் படுத்துடுமா சார்?”

“எப்படிப் படுக்கும்? அடுத்த வழியில திரும்பிடுமே. அந்த வழியை யாராவது முன்னாடியே அடைச்சு வச்சிருந்தாத்தான் படுக்கும்.”

“யாரால அடைக்க முடியும்?”

“பாஸ்வேர்டு இருக்கிறவங்களால. யாரு, எத்தனை மணிக்குன்னு ரவுட்டர் பெட்டியிலேயே பதிவாகியிருக்கும்.”

அந்தச் சர்வர் அறையில் பாஸ்வேர்டு வைத்திருந்தவன் தோக்கோ ஒருவன்தான். பியோ சொன்னதை மிரான் எழுத்துப் பிசகாமல் நோட்டில் எழுதுகிறாள். பேனா முனை தாளைக் கிழிக்கிறது. பிறகு நிமிர்ந்து மெல்லச் சிரிக்கிறாள்.

“என்னை வேலையைவிட்டுத் துரத்தின கேஸ் வெள்ளிக்கிழமை லேபர் விசாரணைக்கு வருது. அங்க இந்தப் பெட்டிங்களைத் தூக்கிட்டு வருவீங்களா சார்? நான் தொடவே மாட்டேன். எல்லாரும் பார்க்க, அந்த மேனேஜர் தோக்கோவையே கேபிளைப் பிடுங்கச் சொல்லணும்.”