சிவப்புக் கோடு

சுபாங் விமானப் பட்டறையில் யுகேந்திரனுக்குத் துப்புரவு வேலை. கிள்ளானில் அதே தெருவில் வளர்ந்து, அவனோடு ஒரே நாளில் விமான மெக்கானிக் கல்லூரியில் சேர்ந்த செந்தூரன் அங்கே மெக்கானிக். அடுத்த வாரம் சூப்பர்வைசர் ஆகப் போகிறான். யுகேந்திரனுக்கு வயிறு எரிந்தது.

காலையில் மேலாளர் பரமேஸ்வரனிடம் போனான்.

“போஸ், செந்தூரன் அவசரத்துல கதவுப் பேனல மூடிட்டான். உள்ள போல்ட்டெல்லாம் லூஸ். ஆளுங்க ஏறுற பிளேன் லா!”

“நீ பார்த்தியா?”

“கண்ணால பார்த்தேன் போஸ்.”

பேனலைத் திறந்தார்கள். போல்ட்டுகள் விரலுக்கே சுழன்றன. செந்தூரனின் முகம் வெளுத்தது.

“இவனெல்லாம் சூப்பர்வைசரா?” என்றான் யுகேந்திரன்.

பரமேஸ்வரன் டார்ச் அடித்துப் பார்த்தார். ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் பாதிச் சிவப்புக் கோடு இருந்தது. மீதிப் பாதி, பக்கத்துத் தகட்டில் விலகி நின்றது.

“போல்ட்ட இறுக்கி முடிச்ச பிறகுதான் இந்தக் கோட்ட நேரா இழுப்போம். இறுக்கினத எவனோ திருப்பி விட்டிருக்கான்.”

யுகேந்திரன் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நகரப் பார்த்தான்.

செந்தூரன் அவன் பக்கம் திரும்பினான்.

“இத மூணாவது செமஸ்டர்ல சொல்லிக் கொடுத்தாங்கடா. நீதான் ரெண்டாவதுலேயே நின்னுட்டியே.”