நல்ல நஞ்சு

வீல்!

பிரசவ அறைக் கதவைத் தாண்டி வந்த அழுகையில் கிளெமென்ட் பெஞ்சைவிட்டுத் துள்ளி எழுந்தான்.

சற்று நேரத்தில் கன்னடக்கார நர்ஸ் லட்சுமம்மா தலையை நீட்டினாள். "ஹெண்ணு மகு! பொண்ணுப்பா. ஆஞ்சலா நல்லா இருக்கா. நஞ்சும் முழுசா விழுந்தாச்சு."

அவளைக் கும்பிட்டான். துடைப்பத்தோடு போன ஆயாவைக் கும்பிட்டான். வெள்ளைக் கோட்டும் கையில் ஐஸ் பெட்டியுமாக நின்ற சங்கமித்ராவையும் கும்பிட்டான்.

"ரொம்ப தேங்க்ஸ் டாக்டர்!"

"நான் லேப்ல இருந்து வர்றேண்ணா. ஆராய்ச்சிக்கு அந்த நஞ்சுக்கொடி வேணும்."

ஆஞ்சலா காலையிலேயே கையெழுத்துப் போட்டிருந்தாள். 'அவரும் சரின்னாதான்' என்று சொல்லியும் வைத்திருந்தாள். அரை மணி நேரத்துக்குள் ஐஸில் வைக்காவிட்டால் அது எதற்கும் உதவாது.

கிளெமென்ட்டின் சிரிப்பு நின்றது. "நாய் தோண்டாத ஆழத்துல புதைக்கணும்னு அம்மா சொல்லியிருக்காங்க மேடம்."

"ஆடுகோடியில மூணாவது மாடி, வாடகை வீடுன்னு ஆஞ்சலா சொன்னாங்க. எங்கண்ணா தோண்டுவீங்க?"

கிளெமென்ட் தலையைச் சொறிந்தான். "நஞ்சுதானே அது? உங்களுக்கு எதுக்கு?"

"பேருதான் நஞ்சு. அதுல இருக்கிற ஒவ்வொரு செல்லும் தன்கிட்ட சேர்ற குப்பையைத் தானே உடைச்சு, தனக்கே சாப்பாடா மாத்திக்கும். அப்படித் தாக்குப்பிடிச்சுத்தான் உங்க பொண்ணை வளர்த்திருக்கு."

"எங்க தெருவுல குப்பை வண்டி வந்தே மூணு நாளாச்சு" என்றான், தன்னை அறியாமல்.

சங்கமித்ரா சிரித்துவிட்டாள். உடனே கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து நிமிடம் போயிருந்தது.

"நஞ்சுல அந்தக் குப்பை உடைக்கிற வேலை கெட்டா அம்மாவுக்கு பி.பி. ஏறும், குழந்தை வயித்துலயே வாடிடும்னு சந்தேகப்படறோம். அப்படிக் கெட்டது ஒண்ணு எங்ககிட்ட இருக்கு. எங்க தப்பாச்சுன்னு தெரியணும்னா, பக்கத்துல வெச்சுப் பார்க்க நல்லது ஒண்ணு வேணும்ணா."

உள்ளே குழந்தை மறுபடி அழுதது. தெம்பான அழுகை. கிளெமென்ட் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எடுத்துக்குங்க மேடம்."

இப்போது சங்கமித்ரா அவனைக் கும்பிட்டாள்.

லட்சுமம்மா தட்டைக் கொண்டுவந்தாள். ஐஸ் பெட்டி மூடியது. சங்கமித்ரா அதை நெஞ்சோடு அணைத்தபடி படியிறங்கப் போனாள்.

"மேடம், ஒரு நிமிஷம்!" கிளெமென்ட் பின்னாலேயே ஓடிவந்தான். "ஞாயித்துக்கிழமை சிவாஜிநகர் மாதா கோயில்ல பாப்பாவுக்கு மெழுகுவர்த்தி ஏத்தப் போறேன். அந்தக் கெட்டதைக் கொடுத்தாங்களே, பாவம், அவங்களுக்கும் ஒண்ணு ஏத்தறேன். பேரு என்ன?"

அவள் ஒரு படியில் நின்றாள்.

"சங்கமித்ரான்னு சொல்லி ஏத்துங்கண்ணா."