ஒன்று புள்ளி எட்டு

வார்டு போன் மணி அடித்ததுமே நர்சு கெர்ட்ரூட் எடுத்தாள்.

லேபிலிருந்து பழனியப்பன். பொட்டாசியம் இப்படி அதலபாதாளத்துக்குப் போய்விட்டால் ரிப்போர்ட் வரட்டும் என்று காத்திருக்க மாட்டார்கள், கூப்பிட்டே சொல்லிவிடுவார்கள். கேட்ட நர்சு, நோயாளியின் பேரையும் எண்ணையும் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் போனை வைக்க வேண்டும்.

"கபிரியேல். ஒன் பாயிண்ட் எய்ட்," என்றாள்.

மூன்றரையாவது இருக்க வேண்டியது. இதயம் ஒழுங்காகத் துடிக்க அந்த உப்பு வேண்டும்.

சிவப்புப் பேனாவில் பதிந்து, டாக்டருக்கும் சொல்லிவிட்டு, கட்டிலுக்கு ஓடினாள். கிள்ளான் ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வந்த நாளாய் அவள் வார்டுக்குள் ஓடியதில்லை. நர்சு ஓடினால் நோயாளிகள் பாதி செத்துவிடுவார்கள் என்று மேட்ரன் திட்டுவார்.

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வேயில் ஊரையே அதட்டிக்கொண்டிருந்த மனிதர். காலையில்கூட வாய்க்கு வாய் அவளை 'சிஸ்டர்' என்று கூப்பிட்டு மற்ற நர்சுகளைச் சிரிக்க வைத்தவர். இப்போது தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை.

கால் வீக்கத்துக்குத் தினம் ஒரு தண்ணி மாத்திரை. உடம்பிலிருக்கும் நீரோடு பொட்டாசியத்தையும் இழுத்துக்கொண்டு போகும் மாத்திரை அது. ஆனால் ஒன்றுக்கு இவ்வளவு இறங்காது. "ஒண்ணுதான்" என்று காலையில் அடித்துச் சொல்லியிருந்தார். அவளும் நம்பி அப்படியே எழுதியிருந்தாள்.

"மறைக்காம சொல்லுங்க. எத்தன போட்டீங்க?"

அவர் மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி விழித்தார்.

"தினம் மூணு. கால் வீங்கிக் கெடந்தா சப்பாத்து ஏறாதுலா. சனிக்கிழமை கல்யாணத்துல உன் கையப் புடிச்சு சர்ச்சுக்குள்ள நான்தானே கூட்டிட்டுப் போகணும், அம்மாடி."

அதற்குமேல் அவளால் சிஸ்டராக இருக்க முடியவில்லை. "அப்பா" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு வார்டு பார்க்க அழுதாள்.

டாக்டர் வந்தார். டிரிப் ஏறியது. பொட்டாசியத்தை மெல்லத்தான் ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் அதுவே ஆளைக் கொன்றுவிடும். இது அவளுக்குத் தெரியும். தெரிந்தும், கொஞ்சம் வேகமாக விடக்கூடாதா என்று டாக்டரிடம் கெஞ்சினாள்.

அவர் இதயம் அதுவரை பொறுக்கவில்லை.

சனிக்கிழமை சர்ச்சு நிறையக் கூட்டம். அழைத்தவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். நாலு பேர் தோளில் அவர் முன்னால் போனார். கெர்ட்ரூட் பின்னால் நடந்தாள்.