சட்டை மாட்டும் காட்சி

வேங்கிக்கால் வீட்டில் போலீஸ் தொடர் ஓடுகிறது. ஓய்வுபெற்ற ஏட்டு சக்கரவர்த்தி அதில் தப்புக் கண்டுபிடிப்பதற்காகவே பார்க்கிறார். மனைவி பாஞ்சாலை அதைக் கேட்டுச் சிரிப்பதற்காக. வழக்கமாக யாராவது திரும்பிப் பார்த்தால் அதையே மூன்று முறை இடியோசையோடு காட்டுவார்கள். இன்று இசையே இல்லை, கேமராவும் அசையவில்லை. லாக்கப்பில் அடிபட்டுச் செத்தவனுக்கு இன்ஸ்பெக்டர் புதுச் சட்டை மாட்டிவிடுகிறார். வீட்டு ஜன்னலுக்கு வெளியே மலைமேல் கடைசி வெயில் நிற்கிறது. அவரைக்காய் கிள்ளும் பாஞ்சாலையின் விரல்கள் நின்றுவிடுகின்றன.

"தப்பு, பாஞ்சால!" சக்கரவர்த்தி உற்சாகமாகிறார். "கை வெறச்சிப் போச்சின்னா இப்படி நுழையாது. சட்டைய முதுகுப் பக்கம் கிழிச்சிட்டுத்தான் மாட்டணும்."

பாஞ்சாலை சிரிக்கவில்லை.

"நீங்க யாருக்குங்க மாட்டுனீங்க?"

விளம்பரம் வருகிறது. அவர் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டுகிறார்.