தலைமாட்டு இரும்பு

பெல்லை அழுத்திய பிறகுதான் கதவில் ஒட்டியிருந்த காகிதத்தை அவள் படித்தாள்.

‘குழந்தை தூங்குகிறது. பெல் அடிக்காதீர்கள்.’

உள்ளே பெல் குயில் போல இரண்டு தடவை கூவியது. குழந்தை வீறிட்டது.

துணைக்கு வந்தவள் செய்த முதல் உபகாரம்.

பிள்ளை பெற்றபின் மனம் சோர்ந்து படுத்துவிட்ட பெண்களைப் பார்க்க, அப்படியே கிடந்து எழுந்த பெண்களை வாரம் ஒருமுறை வீட்டுக்கு அனுப்புகிறது ஒரு தொண்டு அமைப்பு. அவள் கிடந்தது ஒன்பது மாதம். வேறு தகுதி எதுவும் அவளிடம் இல்லை.

இது மூன்றாவது வாரம். இந்த வீட்டுக் கார்த்தீஸ்வரி இதுவரை அவளிடம் பேசியது இரண்டு ‘ம்’.

இன்றும் பேசாவிட்டால் இனி வர வேண்டாம் என்று கார்த்தீஸ்வரியின் மாமியார் சொல்லியாகிவிட்டது.

“எப்படி இருக்க, கார்த்தீஸ்வரி?”

“அவளுக்கென்ன? புள்ள அரைக் கிலோ கூடியிருக்கு.” குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டியபடி மாமியார்தான் சொன்னார்.

“தூங்குனியா?”

“நல்லாத் தூங்குச்சு. நீ வர்ற வரைக்கும்.”

கார்த்தீஸ்வரி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஜடை பின்னிவிட்டிருந்தார்கள். நெற்றியில் திருநீறு. மணிக்கட்டில் மந்திரித்த கயிறு.

எல்லாம் செய்திருந்தார்கள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்பதைத் தவிர.

அப்போதுதான் அறைக்கதவு கண்ணில் பட்டது.

உள்பக்கத் தாழ்ப்பாளைக் காணோம். அது இருந்த இடத்தில் நான்கு ஓட்டைகள். சுற்றிலும் பெயின்ட் புதிதாக உரிந்திருந்தது.

வந்தவளுக்குக் காது சுட்டது.

அவள் வீட்டிலும் கழற்றினார்கள். என்ன செய்கிறது என்று யாரும் கேட்கவில்லை. ஸ்க்ரூ டிரைவர் எங்கே என்று மட்டும் கேட்டார்கள். அவளும் எழுந்துபோய் எடுத்துக் கொடுத்தாள். அப்படியொரு பொறுப்பான மருமகள்.

தாழ்ப்பாளைக் கழற்றும் அளவுக்குப் புரிகிறது. டாக்டரிடம் கூட்டிப் போகும் அளவுக்கு மட்டும் புரிவதில்லை.

“யாரு இதக் கழட்டுனது?”

சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். குரலை உயர்த்தக் கூடாது என்று பயிற்சியில் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். பெல்லையும் அடித்திருக்கக் கூடாதுதான்.

மாமியார் கதவைப் பார்த்தார். ஓட்டைகளைப் பார்த்தார். தட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

“நேத்து இருந்துச்சே! எனக்கென்ன தெரியும்? காத்து கருப்பு அண்டக் கூடாதுன்னு தலமாட்டுல இரும்புக் கத்தி வெச்சிருக்கேன். இதுக்கு மேல என்ன செய்யச் சொல்ற?”

கத்தி.

அவள் ஓரெட்டில் போய்த் தலையணையின் ஓரத்தைத் தூக்கினாள்.

கத்தி இல்லை.

தாழ்ப்பாள் இருந்தது. பக்கத்தில் நான்கு திருகாணிகள், வரிசையாக.

கார்த்தீஸ்வரி மெல்லத் திரும்பிப் படுத்தாள். மாமியாரைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தாள்.

“இதுவும் இரும்புதானக்கா. நாந்தான் கழட்டி வெச்சேன், அந்தக் கத்தியாலயே. அதத் தூக்கிப் பரண்ல போட்டுட்டேன். நானும் புள்ளையும் மட்டும் உள்ள தாப்பாப் போட்டு இருந்தா... எனக்கு என்னைய நெனச்சாப் பயமா இருக்குக்கா.”